சின்னப் படகு

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
நகர முத்திரையில் ஒரு படகு, துடுப்போடு.
தெருமுனைக் குப்பைத்தொட்டியிலும் அதே படகு.
மிதக்கத்தான் தண்ணீர் இல்லை.

இருக்கிறது என்றாள் போக்னா.
டிராம் நிறுத்தத்தில் நின்றபடி
பூட்ஸ் நுனியால் தரையைத் தட்டிக் காட்டினாள்.
வூட்கா. சின்னப் படகு என்று அர்த்தம்.
செங்கல் வளைவுக்குள் அடைத்து
மேலே தெரு போட்டு
நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதற்கு முன்னால்
துணி ஆலைகளின் கழுநீர்.
திங்களன்று சாயத்தொட்டியில் என்ன நிறமோ
செவ்வாயன்று வாத்துகளுக்கும் அந்த நிறம்
என்று ஒரு கதை.
உயிரியல் குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை,
ஓவிய நோட்டில் எழுதிக்கொண்டோம்.

மார்ச் மாதம். ஓரத்துப் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது.
திமோன் தன் அம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்தான்
(கால்நடை மருத்துவர். மாடுகளின் இதயம் கேட்ட குழாய் அது).
சாக்கடை மூடிகளின் மேல் மண்டியிட்டோம்.
முதல் மூடி: டிராம்.
இரண்டாவது: டிராம்.
நான்காவதில் யார் வீட்டிலோ குளித்துமுடித்த தண்ணீர்.
ஆறாம் மூடியில்தான் ஆறு.

நிறைய பேர்
இருட்டில் உட்கார்ந்து
தாழ்ந்த குரலில் எண்ணிக்கொண்டிருப்பதுபோல.

கேட்ட இடமெல்லாம் நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்தோம்.
அது நேராகப் போகவில்லை.
மருந்துக்கடை வாசலில் வளைந்தது.
வெள்ளை வேன் ஒன்றின் வயிற்றுக்கடியில் புகுந்தது.
இறைச்சிக்கடைக்காரர் விளக்குமாற்றோடு வெளியே வந்தார்.
உங்கள் கடைக்குக் கீழே ஆறு ஓடுகிறது என்றோம்.
அதுதானே பார்த்தேன், என் சுவர் ஏன் வியர்க்கிறதென்று
என்றவர்
விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டுக்
கோட்டைத் தாண்டி உள்ளே போனார்.
மிதிக்கவில்லை.

ஒன்பது கம்பிவலைகளில்
ஒன்பது வெள்ளைப் பருத்தி நூல்களை ஒரு ராத்திரி தொங்கவிட்டோம்.
அந்தக் காலத்தில் நூலின் நிறம் ஆற்றுக்குப் போனது,
இனி ஆற்றின் நிறம் நூலுக்கு வரட்டும் என்று.
விடிந்ததும் இழுத்தால்
சாம்பல். சாம்பல்.
டீசல் மணக்கும் சாம்பல்.
ஆறிய தேநீர்.
ஐந்தாவது அறுந்துபோயிருந்தது, அதற்கும் ஓர் எண் கொடுத்தோம்.
ஏழாவதில்
ஓர் உயிர் தொற்றிக்கொண்டிருந்தது.

அரிசி நீளம்.
தின்றது உள்ளே கறுப்புக் கோடாய்த் தெரிய
மற்றதெல்லாம் நிறமே இல்லாத உடம்பு.
பார்க்க யாருமில்லாத இடத்தில் நிறம் எதற்கென்று
எத்தனை தலைமுறைக்கு முன் விட்டதோ.
திமோன் அதை வரைந்தான்,
வண்ணப்பெட்டியைத் திறக்கவே இல்லை.
பதின்மூன்று கால்தான் போட்டிருக்கிறாய் என்றாள் லுத்கா,
இந்த இனத்துக்குப் பதினான்கு.
நுண்ணோக்கியில் குனிந்தோம், ஒவ்வொருவராக.
இதற்குப் பதின்மூன்றுதான்.
ஸ்பூனில் ஏந்திப் போய்
அதே வலை வழியாக இறக்கிவிட்டோம்.

வியாழக்கிழமை மழை.
நாங்கள் ஒரு வாரம் முட்டி தேய இழுத்த கோடு
யாரிடமும் வழி கேட்காமல்
சரிவைப் பார்த்து நடந்து
அருகிருந்த வலைக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் வாளி இறக்கி அளந்தோம்.
ஏழு புள்ளி நான்காக இருந்த காரத்தன்மை
ஏழு புள்ளி ஒன்பது.
கலங்கல் இரண்டு மடங்கு.
ஏதாவது ஆலையா? அந்தப் பக்கம் ஆலையே கிடையாது,
இருந்த ஆலைகளில் இப்போது பாப்கார்ன் விற்கிறார்கள்.
போக்னா வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
பிறகு, காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்:
நாங்கள்.

அன்றிரவு தொங்கவிட்ட பத்தாவது நூல்
நுனியில் மட்டும் நீலம்.
பார்க்க அழகாக வேறு இருந்து தொலைத்தது.
நெசவுச் சட்டத்தில் இதைச் சேர்ப்பதா என்று கேட்டால்
இருவர் ஆம் என்கிறார்கள், ஒருத்தி கூடவே கூடாது என்கிறாள்,
நான் தினமும் மாற்றிச் சொல்கிறேன்.
ஆய்வகத்து ஜன்னல் கொக்கியில்
காய்ந்துகொண்டிருக்கிறது.